மஞ்சள் துணியும் ஐம்பது லிட்டர் பையும்

புது ஷூவுக்கென்று ஒரு நாற்றம் இருக்கிறது. பசையும் ரப்பரும் கலந்து, மூடிக் கிடந்த அறையில் சைக்கிள் டியூபை அடுக்கி வைத்த மாதிரி. உனக்கு அது தெரிந்திருக்காது. பழனிக்கு முப்பத்து மூன்று தடவை வெறுங்காலோடு நடந்தவள் நீ. நம் ஊர் அகரத்தில் வந்து உன் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பழனிக்காரம்மா வீடு என்றால் மினிபஸ் கண்டக்டரே இறக்கிவிட்டு வழி காட்டுவார்.

அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நான்கு நாளாகக் கடையில் நின்று வேலை பார்க்கிறேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இருக்கிற என் ஜெராக்ஸ் கடைதான். மலைக்குப் போகுமுன் ஷூவைக் காலில் போட்டுப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிக்கும் என்று, நடைக்கு அழைத்துப் போகிறவர்கள் தந்த சாமான் பட்டியலில் போட்டிருந்தார்கள். பழக்கியும் இன்று கடித்துவிட்டது. வலது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். மேசை இழுப்பறையிலிருந்து ஊசியை எடுத்தேன், நூல் கோத்தேன், கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வாங்கினேன், நூலை உள்ளேயே விட்டு இரண்டு முனையையும் நறுக்கினேன். நூல் வழியாக நீர் கசிந்துவிடும், தோல் உரியாது. எல்லாம் முடிந்து நிமிர்ந்த பிறகுதான் உறைத்தது, இது உன் வைத்தியம். யார் சொல்லியும் செய்யவில்லை, கை தன்னால் செய்துவிட்டது. அந்த இடத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊசியைத் தூக்கி எறிந்தேன். பிறகு யார் காலிலாவது குத்திவிடுமே என்று குனிந்து தேடினேன்.

நீ போய் இந்த ஆடியோடு இரண்டு வருஷம், அம்மா. கடிதம் என்றால் அன்புள்ள என்று தொடங்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். திட்டுவதற்காகத்தான் எழுதுகிறேன். நீ இருக்கும்போது உன்னைத் திட்ட ஒருவராலும் முடிந்ததில்லை, வாயைத் திறக்குமுன் நீ நாலு வார்த்தை சொல்லியிருப்பாய். இப்போது உன்னால் குறுக்கே பேச முடியாது. எனக்கு அது வசதியாக இருக்கிறது.

இன்னும் பன்னிரண்டு நாளில் நான் வடக்கே போகிறேன். உத்தரகாண்டில் எட்டு நாள் மலை நடை. முதுகில் பை, கூடாரத்தில் படுக்கை. கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவள், நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக என் பெயரைத் தட்டி எனக்கே ஒரு டிக்கெட் போட்டேன். வயதுக் கட்டத்தில் நாற்பத்து மூன்று என்று அடிக்கும்போது விரல் செத்த நேரம் நின்றது.

திண்டுக்கல்லில் மலை நடைக்குச் சாமான் வாங்குவது எப்படிப்பட்ட வேலை என்று உனக்குச் சொல்ல வேண்டும். பை கடைக்காரரிடம் ஐம்பது லிட்டர் பை வேண்டும் என்றேன். "பைக்கு என்னக்கா லிட்டரு? அது என்ன தண்ணி டேங்கா?" என்று கேட்டுவிட்டு, சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை உருட்டிக் காட்டினார். முதுகில் மாட்டுவது என்றேன். பள்ளிக்கூடப் பையில் பெரியதாக ஒன்றை எடுத்து வந்தார், அதில் பொம்மைப் படம் போட்டிருந்தது. ஜவுளிக்கடையில் குளிருக்கு உள்ளே போடுகிற முழுக்கைச் சட்டை கேட்டதற்கு அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வெளியே அனல் அடிக்கிறது, மின்விசிறிக்குக் கீழே நின்றும் எனக்கு வேர்த்து ஒழுகுகிறது. "நம்மூர்ல யாருக்கு அக்கா குளிருது?" என்று கேட்டுவிட்டுக் கைக்குழந்தைக்கான ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துப் போட்டாள். கடைசியில் ஷூவும் உள்சட்டையும் மதுரையில் வாங்கினேன், பை தபாலில் வந்தது.

பை வந்ததும் பாரம் தூக்கிப் பழகினேன். கடையில் ஏ-ஃபோர் பேப்பர் கட்டுக்குக் குறைவில்லை. ஐந்து கட்டை உள்ளே அடுக்கி, தினமும் காலையில் மலைக்கோட்டை ஏறினேன். வாசலில் நிற்கிற காவலாளி முதல் நாளே பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே வெறும் வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மேல போயி நோட்டீஸ் ஒட்டப் போறீங்களா? அதெல்லாம் கூடாது" என்றார். பாரம் தூக்கிப் பழகுகிறேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மூன்றாம் நாள் நான் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வரும்போது அவரே தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நீ இருந்திருந்தால் இதையெல்லாம் பார்த்துச் சிரித்திருப்பாய். "பழனிக்குப் போறவுகளுக்கு மூட்டை எதுக்கு?" என்பாய் எப்போதும். உனக்கென்ன, நடக்கிற பாதை நெடுகப் பந்தல் போட்டுச் சோறு போட்டார்கள், மோர் கொடுத்தார்கள், கால் பிடித்துவிடக்கூட ஆள் நின்றது. நான் போகிற இடத்தில் யாரும் பந்தல் போட்டுக் காத்திருக்கவில்லை. பட்டியலில் இருப்பதை நான்தான் சுமக்க வேண்டும்.

இது என் முதல் பட்டியல் அல்ல. அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் வருஷம். தைப்பூசம் முடிந்து பங்குனி பிறந்த சமயம், கோடை விடுமுறையில் இமயமலையில் பன்னிரண்டு நாள் நடைப் பயிற்சிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு பெண்களை எடுத்தார்கள், அதில் நான் ஒருத்தி. ஒரு தாளில் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை நான் மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே அழிந்துபோனது. கொடைக்கானலில் சொந்தம் இருந்த ஒரு தோழி பழைய பழுப்பு நிற ஸ்வெட்டர் கொடுத்தாள். கடைவீதியில் கான்வாஸ் ஷூ வாங்கினேன். பைக்குத்தான் அலைந்தேன். தாடிக்கொம்பில் வேனுக்கு மேல்மூடி தைக்கிற டெய்லர் ஒருவர், மிச்சமிருந்த நீலத் தார்ப்பாயில் எனக்கொரு பை தைத்துக் கொடுத்தார். தோள்பட்டை அறுக்காமல் இருக்கக் காடாத்துணியை நாலாக மடித்து உள்ளே வைத்துத் தைத்தார். அந்தப் பையில் சோளத்தைக் கொட்டி முதுகில் மாட்டிக்கொண்டு அகரத்துக்கும் தாடிக்கொம்புக்கும் நடந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாம், "என்ன பாப்பா, மில்லுக்கா?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பாக வரும். அந்த ஒரு மாதம் போல நான் பிறகு சந்தோஷமாக இருந்ததில்லை.

ரயிலுக்கு நான்கு நாள் இருக்கும்போது நீ சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்த மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்தாய். உள்ளே காசு வைத்துக் கட்டிய முடிச்சு. நான் கூடத்தில் பையை விரித்து ஸ்வெட்டரை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பைய எடுத்து வையி," என்றாய்.

"எதுக்கு?"

"ஒனக்கு மூணு வயசுல ஜன்னி கண்டு கண்ணு செருகிக் கெடந்தப்ப முருகனுக்கு முடிஞ்சு வச்சேன். எம்மக பொழச்சுக்கிட்டா அவளோட மொத நடை ஒன் வாசலுக்குத்தான்னு. அதச் செய்யாம வேற மலை ஏறுனா நான் அவனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"இம்புட்டு நாளா ஏம்மா சொல்லல?"

"இம்புட்டு நாளா நீ எங்க போன, நான் சொல்றதுக்கு?"

நான் அழுதேன், கத்தினேன், சோறு வேண்டாம் என்றேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நீ மட்டும் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. "போறதுன்னா போ. பனியில கால் வழுக்குச்சுன்னா எங்கிட்ட வந்து அழாத," என்றாய். கடைசியில் தலையைத் தடவி, "தை பொறக்கட்டும்த்தா. எங்கூட நடந்து வந்து முடிச்சுரு. பெறகு இமயமலைக்குப் போ, அதுக்கு அங்கிட்டும் போ, நானா வேணாங்கேன்?" என்றாய். மறுநாள் நான் கல்லூரிக்குப் போய் என் இடத்தை விட்டுக் கொடுத்தேன். வேறொருத்தி போனாள்.

தை பிறந்தது. மாலை போட்டு விரதம் இருந்தேன். புறப்படுவதற்கு முதல் நாள் எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. "என்னத்தா செய்யிறது, அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்," என்றாய். உன் முகத்தில் வருத்தமே இல்லை; அன்றே அதைப் பார்த்தேன், இப்போதுதான் புரிகிறது. அது போதாதென்று, "அந்த நீலப் பை சும்மாதான கெடக்கு" என்று கேட்டு வாங்கிக்கொண்டாய். மாற்றுச் சேலை, சுக்கு, பொரிகடலை, தேங்காய் எண்ணெய், ஊசி நூல் எல்லாம் தங்கச்சி முறைக்காரி ஒருத்தி எடுத்துக் கொடுக்க, நீ அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு "அரோகரா" என்று சொல்லிப் படி இறங்கினாய். நான் ஒதுங்கி நின்று பார்த்தேன். என் முதுகுக்கு அளவெடுத்துத் தைத்த பை அம்மா அது.

அதற்கப்புறம் வருஷா வருஷம் ஒரு சாக்கு. கல்யாணம் என்றாய். வயிற்றில் பிள்ளை என்றாய். கைக்குழந்தை என்றாய். மாமியார் படுக்கையில் கிடக்கும்போது மருமகள் மாலை போட்டால் ஊர் சிரிக்கும் என்றாய். ஒரு வருஷம் சாக்கு எதுவும் கிடைக்காமல், என் முழங்கால் தாங்காது என்று சொன்னாய், எனக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை. ஆனால் உன் பையை மட்டும் ஒவ்வொரு தையிலும் நான்தான் கட்டினேன். நான் கட்டினால்தான் பாரம் ஒரு பக்கம் சாயாது என்று உன் கூட்டத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாயாம்.

முதல் நடை பழனிக்கு என்றவள், பிறகு ரயிலில் போவதற்கும் அதையே நீட்டினாய். எங்கள் தெருப் பெண்கள் காசிக்குக் கிளம்பியபோது என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்; டிக்கெட் போடும் பொறுப்பும் என்னுடையது. நீ கேள்விப்பட்டுக் கடைக்கே வந்தாய். "நேத்திக்கடன் அப்பிடியே கெடக்கு. தூர தேசம் போற" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனாய். பத்துப் பேர் போனார்கள். எனக்குச் செம்பில் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் கணினி வைத்துக் கடை நடத்துகிறவள்தான், ஆனாலும் சாமி விஷயம் என்றால் ஒரு பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தை வைத்துத்தான் நீ இருபத்து நாலு வருஷம் என்னைக் கட்டிப்போட்டாய்.

இந்தத் தடவை எப்படித் துணிந்தேன் என்று கேட்பாய். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த நடை என் யோசனை இல்லை, காவ்யாவுடையது. உன் பேத்தி கோயம்புத்தூரில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். ஜூன் மாதம் போன் செய்து, தோழிகளோடு இந்த மலைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். சாமான் பட்டியலை அச்செடுத்து வைக்கச் சொல்லி எனக்கு அனுப்பினாள். நான் அச்செடுத்தேன், படித்தேன், "இப்ப வேணாம். படிப்பு முடியட்டும்" என்றேன். பட்டியல் மேசையிலேயே கிடந்தது. வருகிறவர்களுக்கு ஆதார் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே தினமும் அதைப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து என் பெயரைப் பதிந்தேன். அவளிடம், "முதல்ல நான் போயிப் பாத்துட்டு வாரேன். பாதுகாப்பா இருந்தா அடுத்து நீ போ" என்றேன். "சரிம்மா" என்றாள். அதற்குப் பிறகு அவள் போனில் பேசுவது குறைந்துவிட்டது. பரீட்சை நேரம் என்று நானே வைத்துக்கொண்டேன்.

எல்லாம் வாங்கி முடித்த பிறகு என் வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார். "அத்தை சொன்ன நேத்திய முடிச்சிட்டுப் போயேன். மனசுல உறுத்தல் இல்லாம இருக்கும்ல?" என்றார். நீ இறந்த வருஷம் துக்கத்தில் போகக்கூடாது என்றார்கள், இந்தத் தை எனக்கு மறந்துபோனது, அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டேன். சரி, இப்போதே பழனிக்கு நடந்துவிடுவோம், முதுகில் பையோடு நடந்தால் பயிற்சியும் ஆகிவிடும் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அகரத்துக்குப் போய், இப்போது தம்பி இருக்கிற நம் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். முடிச்சு அங்கேயே இருந்தது. மஞ்சள் வெளுத்துச் சுண்ணாம்பு நிறமாகியிருந்தது.

மறுநாள் காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். உன்னோடு எல்லா வருஷமும் நடந்த பொன்னுத்தாயி சித்தி இன்னும் அங்கேதான் மல்லி வாங்கி விற்கிறது. பந்தல் இல்லாத காலத்தில் எங்கே தங்குவது, எங்கே ஒதுங்குவது என்று அதைவிட யாருக்குத் தெரியும்? மலைக்கோட்டையிலிருந்து நேராகப் போனதால் பையும் முதுகில்தான் இருந்தது.

"என்னத்தா இம்புட்டுப் பெரிய மூட்டை? வெங்காயமா?" என்றது சித்தி.

விஷயத்தைச் சொன்னேன். அம்மா முடிந்த நேர்த்திக்கடனை முடிக்கப் பழனிக்கு நடக்கப்போகிறேன், அதன் பிறகு இமயமலை என்றேன். முடிச்சை எடுத்துக் காட்டினேன். சித்தி பூ அள்ளுவதை நிறுத்திவிட்டு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இது போருக்கு முடிஞ்சதுல்ல?"

"எந்தப் போரு?"

"ஒங்க கெணத்து மேட்டுல போட்டீகளே, லாரி வந்து ரெண்டு நாளு நின்னுச்சே. தண்ணி விழுந்தா கொண்டாந்து செலுத்துறேன்னு ஒங்கம்மா முடிஞ்சா. நாந்தான் மஞ்ச கரைச்சுக் குடுத்தேன். தண்ணி எங்குட்டு விழுந்துச்சு? புழுதிதான் வந்துச்சு. அதான் அப்பிடியே கெடக்கு."

எனக்கு அந்த லாரி ஞாபகம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். இரண்டு நாள் காது அடைக்கிற சத்தம்; வீடு, மரம், மாடு எல்லாம் வெள்ளைப் புழுதி. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு மூணு வயசுல ஜன்னி வந்தப்ப முடிஞ்சதுன்னு அம்மா சொன்னுச்சே சித்தி."

"ஜன்னியா? ஒனக்கா? எப்ப வந்துச்சு?" என்று கேட்டது சித்தி.

நான் பையை இறக்கி வைத்துவிட்டுப் பூ மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் ஏலம் போட்டுக் கத்துகிறார்கள். ஏன் அப்படிச் செய்தாய் என்று எனக்குள் நானே ஒரு காரணம் தேடினேன். சித்திரை, வைகாசி மல்லிப்பூ வெடிக்கிற காலம், விடியலில் நம் தோட்டத்தில் பூவெடுக்க ஆள் இல்லாமல் போகும் என்று நிறுத்தியிருப்பாய். அதைச் சித்தியிடம் சொன்னேன்.

"பூவாவது ஒண்ணாவது," என்றது. பிறகு, "செத்தவளப் பத்தி நான் என்னத்தச் சொல்ல, விடு," என்று தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டது. நான் விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அந்த வருசம் ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு பந்தல்ல கால நீட்டி ஒக்காந்திருந்தோம். நீலப் பை ஒண்ணு தலைக்கு வச்சிருந்தா. அப்ப சொன்னாத்தா. 'வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து இந்த ஒத்த ரோட்டத்தான் பாக்குறேன். பழனியத் தாண்டி ஒரு எட்டு வச்சதில்ல. இவ எடுத்த எடுப்புல இமயமலைக்குப் போறேங்கா. வயிறு எரிஞ்சுச்சுடி பொன்னுத்தாயி, அதான் அப்பிடிச் சொல்லிப்புட்டேன்'னா. சொல்லிட்டு அவளே சிரிச்சா. செத்த நேரங்கழிச்சுப் பாத்தா அழுகுறா. அதச் சொல்லி இப்ப என்ன ஆகப்போகுது?"

ஆகிறது அம்மா. நிறைய ஆகிறது. தண்ணீர் வராத போருக்கு முடிந்த காசை வைத்து நீ என்னை இருபத்து நாலு வருஷம் உட்கார வைத்திருக்கிறாய். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்ல உனக்கு வாய் கூசவில்லையா? சர்க்கரை முற்றி இரண்டு விரலை எடுத்த பிறகு, எட்டு மாதம் உன் காலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டியது நான். தினமும் அரை மணி நேரம் உன் பாதம் என் மடியில் இருந்தது. அப்போதுகூடச் சொல்லத் தோன்றவில்லையே உனக்கு. "கட்டு இறுக்கமா இருக்கு" என்று மட்டும் சொன்னாய்.

அங்கேயே வைத்து இன்னும் திட்டியிருப்பேன். ஆனால் வயிறு எரிந்தது என்ற வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. ஜூன் மாதம் பட்டியலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு என்ன எரிந்தது? பாதுகாப்பா, படிப்பா? இருபது வயதில் இவள் கேட்டதும் போய்விடுவாளா, நான் போகாத இடத்துக்கு எனக்கு முன்னால் போய்விடுவாளா என்பதுதான். அந்த நிமிஷம் எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் வேண்டாம் என்றேன்.

மார்க்கெட் சத்தத்திலேயே போனை எடுத்துக் காவ்யாவைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா காலையிலயே? கிளாசுக்குப் போறேன்."

"அந்த மலைக்கு இன்னும் எடம் இருக்கா பாரு. நீ போ."

"நீதான வேணாம்னு சொன்ன?"

"சொன்னேன்."

"இப்ப மட்டும் என்ன? அப்ப ஏன் வேணாம்னு சொன்ன?"

வாயில் பதில் தயாராக இருந்தது அம்மா. உன் மகள் இல்லையா நான். பருவமழை, வழி சரியில்லை, கூட வருகிறவர்கள் யாரென்று தெரியாது, ஒன்றுக்கு நான்காக அடுக்கியிருப்பேன். பொன்னுத்தாயி சித்தி தராசைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வயிறு எரிஞ்சுச்சுடி," என்றேன். "நானே போகாத எடத்துக்கு நீ போறேன்னு கேட்டியா, தாங்கல. அதான்."

ஏலச் சத்தத்தில் கேட்பதற்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"லூசாம்மா நீ?" என்றாள். பிறகு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "சரி, டிக்கெட் போட்டுக் குடு. ஆனா ஒங்கூட வரமாட்டேன். அடுத்த கூட்டத்துல போறேன்," என்றாள்.

"எங்கூட வந்தா என்ன கொறஞ்சு போயிருவ?"

"நீ வழியெல்லாம் திட்டிக்கிட்டே வருவ."

எனக்குச் சுருக்கென்றது. கடைக்குப் போய் முதல் வேலையாக அவளுக்கு டிக்கெட் போட்டேன், சன்னலோரம் பார்த்து.

நான் பழனிக்கு நடக்கவில்லை. முருகன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர் பெயரை நீ இழுத்துவிட்டதற்கு அவர் என்ன செய்வார்? நடக்க வேண்டும் என்று எனக்காகத் தோன்றுகிற ஒரு தையில் நடந்துகொள்கிறேன். முடிச்சைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிணற்று மேட்டில் மறுபடியும் போர் போடப்போகிறானாம், அவனுக்கு ஆகும்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. நீ அன்றைக்குக் கூடத்தில் வந்து நின்று, வயிறு எரியுதுடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உன்னை நன்றாகத் திட்டியிருப்பேன். திட்டிவிட்டுப் போயிருப்பேன். திரும்பி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, பனி எப்படி இருக்கும், ஆறு எப்படிச் சத்தம் போடும் என்று ஒன்று விடாமல் உனக்குச் சொல்லியிருப்பேன். பழனியைத் தாண்டி நீயும் கொஞ்சம் பார்த்திருப்பாய். எனக்குச் செய்ததை மன்னித்தாலும், இதைக் கேட்காமலே நீ போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பை கட்டியாகிவிட்டது. பாரம் ஒரு பக்கம் சாயவில்லை. நீ கொடுத்த பொறாமையை எடுத்து வைக்க வேண்டியதில்லை, நான் போகிற இடமெல்லாம் அது கூடவே வரும்; வந்தால் இனி வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். மேல் ஜிப்பில், கை வைத்ததும் கிடைக்கிற இடத்தில், ஊசியும் நூலும் வைத்திருக்கிறேன். காவ்யாவுக்கும் ஒன்று சுற்றி வைத்தாகிவிட்டது. உன் வைத்தியம்தான். வேறு யாராவது இதைவிட நல்லதாக ஒன்று சொல்லியிருந்தால் அதைத்தான் எடுத்து வைத்திருப்பேன். எல்லோரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன், அம்மா. ஒருவரும் சொல்லவில்லை.